மூச்சு முட்டும் பேர வாவி

பேர வாவியில் மீன்கள் செத்து மிதப்பது கொழும்பு வாசிகளுக்குப் புதிய செய்தியல்ல. கங்காராமைப் பக்கத்திலோ கொம்பனித்தெருப் பக்கத்திலோ கரையோரமாக வெள்ளை வயிறு மேலே தெரிய மீன்கள் ஒதுங்கிக் கிடக்கும். தொழிலாளர்கள் வலையால் அள்ளி மூட்டை கட்டுவார்கள். வேடிக்கை பார்ப்பவர்களில் ஒருவர், "யாரோ மருந்து கலந்துவிட்டான்கள்" என்பார். அப்படியும் நடக்கக்கூடும். ஆனால், இத்தகைய பச்சைத் தண்ணீரில் மீன்கள் கூட்டமாகச் சாவது பெரும்பாலும் விடியற்காலையில். நஞ்சு என்றால் பகலிலும் கொல்லும், இரவிலும் கொல்லும். சூரியன் எழுவதற்குச் சற்று முந்திய நேரத்தைத் தேடிப் பிடித்துக் கொல்வது எது?

ஒட்சிசன் பற்றாக்குறைதான். அந்த நேரத்தில் தண்ணீரில் மூச்சு விட எதுவும் மிச்சமிருப்பதில்லை. இதில் வியப்பு என்னவென்றால், அந்தத் தண்ணீரில் உணவுக்குக் குறையே இல்லை. உணவு அளவுக்கு மிஞ்சிப் போனதால்தான் மூச்சு நின்றது. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று நம்மவர்கள் சொல்வது இங்கே வேதியியல் உண்மை. பாடசாலை விஞ்ஞானப் புத்தகத்தில் இதற்கு நற்போசணையாக்கம் என்று பெயர். அது முற்றிப்போய் உயிர்கள் வாழ முடியாதபடி ஒட்சிசன் வற்றிய நீர்ப்பரப்பை உலகம் 'இறந்த வலயம்' என்கிறது.

தண்ணீருக்குள் எவ்வளவு மூச்சு?

நாம் சுவாசிக்கும் காற்றில் ஒரு லீற்றரை எடுத்தால் அதில் சுமார் 270 மில்லிகிராம் ஒட்சிசன் இருக்கும். 30 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள ஒரு லீற்றர் நன்னீரில் முழுமையாகக் கரைந்திருந்தாலும் கிடைப்பது ஏறத்தாழ 7.5 மில்லிகிராம்தான். கரையில் நிற்கும் நமக்குக் கிடைப்பதில் முப்பதில் ஒரு பங்குகூட மீனுக்குக் கிடைப்பதில்லை.

தண்ணீர் சூடாகச் சூடாக அது பிடித்துவைக்கும் ஒட்சிசனும் குறையும். உறையும் நிலையில் உள்ள தண்ணீர் ஒரு லீற்றருக்கு 14 மில்லிகிராமுக்கு மேல் வைத்திருக்கும். கொழும்பின் நீர்நிலைகளுக்கு அந்தக் குளிர் ஒருபோதும் வாய்ப்பதில்லை. குளிர்நாட்டு ஏரியோடு ஒப்பிட்டால் நம் வாவி அரைப் பங்கு இருப்போடுதான் நாளைத் தொடங்குகிறது. அதேவேளை வெப்பத்தில் மீனும் பற்றீரியாவும் வேகமாக மூச்சு விடுகின்றன. வரவு குறைவு, செலவு அதிகம்.

லீற்றருக்கு 2 மில்லிகிராமுக்குக் கீழே ஒட்சிசன் இறங்கிவிட்டால் விஞ்ஞானிகள் அந்த நீரை ஒட்சிசன் வறண்ட நீர் என்று வகைப்படுத்துகிறார்கள். நீந்தக்கூடியவை அங்கிருந்து ஓடும். ஓட முடியாத சிப்பியும் புழுவும் அங்கேயே சாகும். மதில்போல் கட்டிடங்கள் சூழ்ந்த ஒரு வாவிக்குள் மீன் எங்கே ஓடுவது?

தண்ணீருக்கு ஒட்சிசன் வரும் வழிகள் இரண்டு. மேற்பரப்பில் காற்றிலிருந்து கரைவது ஒன்று. நீர்த்தாவரங்களும் பாசியும் வெயிலில் உணவு தயாரிக்கும்போது வெளிவிடுவது மற்றொன்று. மேலே கரைந்த ஒட்சிசன் அசையாத தண்ணீருக்குள் தானாகக் கீழே பரவும் வேகம், காற்றில் பரவும் வேகத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவுதான். அலையோ, காற்றோ, நீரோட்டமோ கலக்கிவிட்டால்தான் அடியில் இருப்பவை பிழைக்கும்.

ஒரு கிராம் பொசுபரசு செய்யும் வேலை

பயிருக்கு வேண்டிய அதே சத்துகள்தாம் பாசிக்கும் வேண்டும். அவற்றில் நைதரசனும் பொசுபரசும் முதன்மையானவை. காபனீரொட்சைட்டு காற்றிலிருந்து வரும், வெயிலுக்கு நம் நாட்டில் பஞ்சமில்லை. ஆகவே இந்த இரண்டும் எவ்வளவு கிடைக்கின்றனவோ அவ்வளவுக்குப் பாசி வளரும். நன்னீரில் பெரும்பாலும் கடிவாளத்தைப் பிடித்திருப்பது பொசுபரசு.

இதைக் கண்ணால் காணும்படி நிரூபித்த பரிசோதனை ஒன்று, நம் உறவுகள் பலர் வாழும் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் 1973இல் நடந்தது. டேவிட் ஷிண்ட்லர் என்ற விஞ்ஞானியும் அவருடைய குழுவினரும் 226 என்று இலக்கமிடப்பட்ட ஒரு சிறிய ஏரியை நடுவில் பிளாஸ்டிக் திரையால் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதியில் காபனும் நைதரசனும் சேர்த்தார்கள். மறு பாதியில் அவற்றோடு பொசுபரசையும் சேர்த்தார்கள். முதற்பாதி வழக்கம்போல் கருநீலமாகவே இருந்தது. பொசுபரசு விழுந்த பாதி பச்சைப் பசேலென்று மாறிவிட்டது. ஆகாயத்திலிருந்து எடுத்த ஒரே ஒரு படம், சலவைத்தூளில் பொசுபேற்று கலப்பது பற்றிய அன்றைய வாதப் பிரதிவாதங்களுக்குப் பெரும் பதிலாக அமைந்தது.

அல்பிரட் ரெட்ஃபீல்ட் என்ற அமெரிக்கக் கடலியலாளர் 1934இல் இன்னொரு அருமையான ஒழுங்கைக் கண்டுபிடித்தார். கடலின் நுண்பாசிகளில் காபன், நைதரசன், பொசுபரசு அணுக்கள் ஏறத்தாழ 106க்கு 16க்கு 1 என்ற விகிதத்தில் அமைந்திருக்கின்றன. ஒரு பொசுபரசு அணு கிடைத்தால் 106 காபன் அணுக்களைப் பாசி தன் உடலாக்கிக்கொள்கிறது. அந்த உடல் செத்து முழுவதும் அழுகும்போது, அதே கணக்கில் 138 ஒட்சிசன் மூலக்கூறுகள் செலவாகின்றன. எடையில் சொன்னால், 1 கிராம் பொசுபரசில் விளைந்த பாசி அழுகி முடிய ஏறத்தாழ 140 கிராம் ஒட்சிசன் வேண்டும். கொழும்பின் வெப்பநிலையில் 18,000 லீற்றருக்கும் மேற்பட்ட தண்ணீரில் கரைந்துள்ள முழு ஒட்சிசனும் அதற்கே போய்விடும்.

இந்தக் கணக்கைப் பேர வாவிக்குப் போட்டுப் பார்க்கலாம். வாவியின் பரப்பு சுமார் 65 ஹெக்டேயர். சராசரி ஆழம் 2 மீற்றர் என்று கொண்டால் அதில் நிற்கும் தண்ணீர் 130 கோடி லீற்றர். அத்தனை தண்ணீரும் ஒட்சிசனால் நிறைந்திருந்தாலும் மொத்த இருப்பு பத்துத் தொன்னைத் தாண்டாது. அந்தப் பத்துத் தொன்னையும் தின்று தீர்க்கும் பாசியை வளர்க்க 70 கிலோகிராம் பொசுபரசு போதும். வளர்ந்த மனிதர் ஒருவரின் உடலிலிருந்து சிறுநீரிலும் மலத்திலுமாக நாளொன்றுக்கு ஒரு கிராமுக்கு மேல் பொசுபரசு வெளியேறுகிறது. ஆக, எழுபதாயிரம் பேரின் ஒரு நாள் கழிவு, ஒரு முழு வாவியின் மூச்சை விலைபேசப் போதுமானது. 2012ஆம் ஆண்டுக் குடிசனக் கணக்கெடுப்பின்படி கொழும்பு மாநகரில் வாழ்ந்தவர்கள் 5 இலட்சத்து 61 ஆயிரம் பேர்.

இது காகிதக் கணக்கு. பாசி வளரும்போது அதே அளவு ஒட்சிசனை வெளிவிடவும் செய்கிறது, காற்றும் மேலிருந்து ஓயாமல் நிரப்பிக்கொண்டிருக்கிறது. ஆனால் வெளிவிட்ட ஒட்சிசனில் பெரும்பகுதி பகலில், மேற்பரப்பில், காற்றோடு போய்விடுகிறது. கடனைத் திருப்பிக் கேட்பதோ இரவிலும் வாவியின் அடியிலும்.

ஒரு பகலும் ஓர் இரவும்

நல்ல வெயில் நாளொன்றில் பிற்பகல் இரண்டு மணிக்கு வாவிக் கரையில் நின்று பாருங்கள். தண்ணீர் பச்சைச் சாயம் கரைத்தது போலிருக்கும். அந்தப் பச்சையில் பெரும் பங்கு மைக்ரோசிஸ்டிஸ் என்ற நீலப்பச்சை அல்காவுடையது. பெயரில் அல்கா இருந்தாலும் அது உண்மையில் பற்றீரியா இனம். அதன் கலங்களுக்குள் நுண்ணிய வாயுப் பைகள் உண்டு. காற்று அடங்கிய வேளையில் அவற்றின் உதவியால் மேலே மிதந்து வந்து வெயிலைத் தன் வசமாக்கிக்கொள்கிறது. அதன் நிழலில் கீழே எதுவும் வளர முடியாது. சில வகைகள் ஈரலைத் தாக்கும் மைக்ரோசிஸ்டின் என்ற நஞ்சையும் சுரக்கின்றன. கண்டி வாவியில் 1999இல் இதே மைக்ரோசிஸ்டிஸ் திடீரெனப் பெருகிப் படர்ந்தபோது, மலைநாட்டின் அழகுக்கு அடையாளமான வாவிக்கே இந்தக் கதி நேரும் என்று நாடு அறிந்துகொண்டது.

அந்தப் பிற்பகலில் ஒட்சிசன்மானியை மேற்பரப்பில் வைத்தால் ஆச்சரியம் காத்திருக்கும். தண்ணீர் வழக்கமாகக் கரைத்துவைக்கக்கூடிய அளவையும் தாண்டி ஒட்சிசன் இருக்கும். கோடிக்கணக்கான பாசிக் கலங்கள் வெயிலில் உழைத்த பயன் அது. அந்த அளவீட்டை மட்டும் பார்ப்பவர் வாவி நல்ல சுகத்தோடு இருக்கிறது என்று எழுதிவிட்டுப் போவார்.

பொழுது சாய்ந்ததும் நிலைமை தலைகீழாகிறது. ஒளி இல்லாததால் ஒட்சிசன் உற்பத்தி நின்றுபோகிறது. ஆனால் பாசி மூச்சு விடுவதை நிறுத்துவதில்லை. மீன், புழு, பற்றீரியா என்று அத்தனையும் அதே கையிருப்பிலிருந்து எடுக்கின்றன. நள்ளிரவு கடந்து மணித்தியாலங்கள் செல்லச் செல்ல அளவு இறங்கிக்கொண்டே போகும். விடிவதற்குச் சற்று முன்னர் அது ஆகக் குறைந்த நிலையைத் தொடும். அந்த நேரத்தில் மீன்கள் மேற்பரப்புக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவதைக் காணலாம். காற்றோடு ஒட்டியிருக்கும் மெல்லிய நீர்ப்படலத்தில் மட்டும் கொஞ்சம் ஒட்சிசன் மிச்சமிருக்கிறது. அதைத்தான் உறிஞ்சப் பார்க்கின்றன. மேலே வந்து தத்தளிக்கும் மீனுக்குக் கொக்கும் நீர்க்காகமும் காத்திருக்கும்.

முந்தைய நாள் வானம் மூடிக்கிடந்து வெயில் இல்லாது போனால் இரவுக்கான கையிருப்பே சேர்ந்திராது. கடும் மழையோடு நகரத்தின் கழிவு அள்ளுண்டு வந்தால் பற்றீரியாக்களின் செலவு ஒரேயடியாகக் கூடும். பாசிக் கூட்டம் ஒரே நேரத்தில் செத்து விழுந்தாலும் அப்படித்தான். இவற்றில் இரண்டு சேர்ந்து வரும் நாளில் விடியும்போது கரையில் மீன்கள் ஒதுங்குகின்றன.

அடிச்சேற்றின் கணக்கு

செத்த பாசி அடியில் படிகிறது. அதை அழுகவைக்கும் பற்றீரியாக்கள் அங்குள்ள ஒட்சிசனைத் தீர்த்துவிடுகின்றன. அதன் பிறகு ஒட்சிசன் தேவைப்படாத வேறு பற்றீரியாக்கள் வேலையைப் பொறுப்பேற்கின்றன. ஒரு வகை தண்ணீரிலுள்ள சல்பேற்றை எடுத்து ஐதரசன் சல்பைட்டு வாயுவை விடுகிறது. வாவிக் கரையில் சில நாட்களில் மூக்கைப் பொத்தவைக்கும் அந்தக் கூழ்முட்டை நாற்றம் இதுதான். இன்னொரு வகை மீதேனை உண்டாக்குகிறது. அசையாத தண்ணீரில் அடியிலிருந்து சின்னச் சின்னக் குமிழிகள் எழும்பி வந்து உடைவதைக் கண்டால், கீழே அந்த வேலை நடக்கிறது என்று அறிக. சேற்றைக் கிளறினால் மை போல் கறுப்பாக வரும். அந்தக் கறுப்பு, இரும்பு சல்பைட்டின் நிறம்.

இங்கேதான் கதை இன்னும் சிக்கலாகிறது. ஒட்சிசன் இருக்கும்வரை அடிச்சேற்றிலுள்ள இரும்பு, பொசுபேற்றைப் பற்றிப் பிடித்து வைத்திருக்கும். ஒட்சிசன் போனதும் இரும்பின் பிடி தளர்ந்து, பொசுபேற்று மீண்டும் தண்ணீரில் கரைந்து மேலே வருகிறது. அது புதிய பாசியை வளர்க்கிறது. அந்தப் பாசி செத்து மேலும் ஒட்சிசனைத் தின்கிறது. பல தசாப்தங்களாக வந்து விழுந்த கழிவு, வங்கியில் நிலையான வைப்பாகக் கிடக்கும் பணம் போல அடியில் சேர்ந்துகிடந்து ஆண்டுதோறும் வட்டி தருகிறது. இன்று எல்லாக் குழாய்களையும் அடைத்தாலும் வாவி நாளைக்கே தெளியாததற்குக் காரணம் இதுவே.

வழி அடைபட்ட வாவி

பேர வாவி இயற்கையான ஏரியல்ல. போர்த்துக்கேயர் காலத்தில் கோட்டையைப் பகைவரிடமிருந்து காக்கவென நீரைத் தேக்கி உருவாக்கியது. ஒல்லாந்தர் அதை விரித்தார்கள். ஒரு காலத்தில் 165 ஹெக்டேயராகப் பரந்திருந்தது, நகரம் வளர வளர மண் போட்டு நிரப்பி, இன்று சுமார் 65 ஹெக்டேயராகச் சுருங்கிவிட்டது. வாவி பின்வாங்கிப் போன பின்னும் பத்திரிகைக் கட்டிடம் ஒன்று லேக் ஹவுஸ் என்ற பெயரைத் தாங்கி நிற்கிறது. எஞ்சியதும் ஒன்றாக இல்லை. தாமரைக் கோபுரம் நிழல் விழுத்தும் கிழக்கு வாவி, கங்காராமையின் சீமமாலகம் மிதக்கும் தென்மேற்கு வாவி, மேற்கு வாவி, காலிமுகத்திடலுக்கு அருகேயுள்ள சிறு பகுதி என்று துண்டு துண்டாகக் கிடக்கிறது.

நீர் வெளியேற இரண்டு வழிகளே உள்ளன. ஒன்று துறைமுகப் பக்கம் மக்கலம் மதகு. மற்றொன்று காலிமுகத்திடல் பக்கத்து வான். இரண்டும் நீர்மட்டத்தை ஒரே உயரத்தில் நிறுத்திவைக்கவே அமைந்தவை. மழைக்காலத்தில் மேலாக வழியும் தண்ணீர் மட்டும் கடலுக்குப் போகும். அடித்தண்ணீரும் சேறும் இருந்த இடத்திலேயே இருக்கும். சுற்றுப்புறத்து மழைநீர்க் கான்களோ பல முனைகளில் வந்து விழுகின்றன.

கொழும்பு மாநகரத்தில் இரண்டு வலையமைப்புகள் தனித்தனியாக இருக்க வேண்டும் என்பதே திட்டம். மழைநீர்க் கான்கள் கால்வாய்க்கும் வாவிக்கும். மலசலகூடக் கழிவு நிலத்தடிக் குழாய்க்கு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரித்தானியர் இட்ட கழிவுநீர்க் குழாய்த் தொகுதியின் வாரிசுதான் இன்றும் நகரைத் தாங்குகிறது. கொட்டாஞ்சேனை அடங்கலான வடபகுதியின் கழிவு முகத்துவாரத்திலும், தென்பகுதியின் கழிவு வெள்ளவத்தையிலும், கடலுக்கடியில் நீளும் குழாய்கள் வழியே ஆழ்கடல் நோக்கி விடப்படுகிறது. ஆனால் நகரம் வளர்ந்த வேகத்துக்குக் குழாய் வளரவில்லை. நெரிசலான தோட்டங்களிலும் ஒழுங்கைகளிலும் மலசலகூடக் குழாயை அருகிலுள்ள மழைநீர்க் கானில் திருப்பிவிடுவது ஏழைக்கு வேறு வழியில்லாத ஏற்பாடு. வசதியான கட்டிடங்களிலும் சமையலறை, குளியலறைத் தண்ணீர் அதே கானுக்குப் போவதுண்டு; அங்கே அது பணம் மிச்சம் பிடிக்கும் ஏற்பாடு. கலி பவுசர் கூப்பிட்டு மலக்குழியை வெறுமையாக்கும் செலவும் தொல்லையும் பலரைக் கானின் பக்கம் தள்ளுகின்றன. எல்லாம் சேர்ந்து முடியுமிடம் வாவி.

அந்தப் பொசுபரசு எங்கிருந்து புறப்பட்டது என்று பின்னோக்கிப் போனால் நாடே தெரியும். அநுராதபுர மாவட்டத்தில் எப்பாவல என்ற இடத்தில் 1971இல் கண்டறியப்பட்ட அப்பற்றைட்டுப் பாறை, தூளாக்கப்பட்டுத் தென்னைக்கும் தேயிலைக்கும் உரமாகிறது. தென்னை அதைத் தேங்காயில் சேர்க்கிறது. கொட்டாஞ்சேனையில் காலையில் இடியப்பத்தோடு சாப்பிட்ட சம்பலில் அந்தப் பாறையின் ஒரு துணுக்கு இருந்திருக்கலாம். சோற்றிலும் மீனிலும் வந்தவை வேறு. நாட்டின் நாலா திசையிலிருந்தும் நகரத்துக்குள் உணவாக வரும் சத்து, திரும்பி வயலுக்குப் போவதில்லை. ஒரு வழிப் பயணமாகத் தண்ணீரில் முடிகிறது. யாழ்ப்பாணத்தில் வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் போட்ட உரத்தின் நைதரசன், சுண்ணாம்புக்கல் வழியே இறங்கிக் கிணறுகளில் நைத்திரேற்றாகச் சேர்வதும் இதே கதையின் வேறோர் அத்தியாயம்.

வெள்ளவத்தைக் கடல் ஏன் சாகவில்லை?

இங்கே நியாயமான கேள்வி எழும். வாவிக்குள் கசிவது நகரத்துக் கழிவின் ஒரு பகுதிதான். பெரும் பகுதி குழாய் வழியே கடலுக்குத்தானே போகிறது? வெள்ளவத்தைக் கரையில் அலை அடித்துக்கொண்டுதானே இருக்கிறது?

இறந்த வலயத்துக்கு இரண்டு நிபந்தனைகள் வேண்டும்: மிகுந்த சத்தும், அசையாத தண்ணீரும். வெள்ளவத்தைக்கு எதிரே திறந்த இந்து சமுத்திரம். தென்மேற்குப் பருவக்காற்றும் நீரோட்டமும் தண்ணீரை ஓயாமல் கலக்கி நகர்த்துகின்றன. அதே வெள்ளவத்தையில், காலி வீதிப் பாலத்தின் கீழே ஓடும் கால்வாயைப் பாருங்கள். கடல் கொண்டுவரும் மணல் அதன் வாயை அடைத்துவிடும் காலங்களில் நீர் நகராமல் நிற்கிறது, கறுக்கிறது, நாறுகிறது. மணலை வெட்டி வழிவிட்டதும் நிலைமை மாறுகிறது. ஒரே ஊர், ஒரே கழிவு, சில நூறு மீற்றர் இடைவெளி. அசைவு ஒன்றுதான் வேறுபாடு.

ஆனால் கடல் எல்லாவற்றையும் தாங்கும் என்று நம்பிவிடக் கூடாது. கடலிலும் தண்ணீர் அடுக்கடுக்காக நின்றுபோவதுண்டு. பெரிய ஆறு கொண்டுவரும் நன்னீர் இலேசானது, கோடையில் வெப்பமும் சேர்ந்தால் அது கனமான உப்புநீரின் மேல் போர்வையாகப் படர்ந்து, காற்றின் ஒட்சிசனைக் கீழே போகவிடாது. மெக்சிக்கோ வளைகுடாவில் மிசிசிப்பி ஆறு கலக்குமிடத்தில் கோடைதோறும் இது நடக்கிறது. அமெரிக்காவின் சோள வயல்களில் போட்ட உரத்தின் மிச்சத்தை அந்த ஆறு கொண்டுவந்து சேர்க்கிறது. நான்சி ரபலாய்ஸ் என்ற விஞ்ஞானி 1985 முதல் கப்பலில் போய் அதை அளந்துவந்தார். 2017இல் அந்த இறந்த வலயம் 22,720 சதுர கிலோமீற்றரை எட்டியது. இலங்கையின் பரப்பில் மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகம் அது. 2008இல் வெளியான உலகளாவிய கணக்கெடுப்பு ஒன்று, இத்தகைய கரையோர நீர்ப்பரப்புகள் 400க்கு மேல் என்றும், மொத்தப் பரப்பு 2,45,000 சதுர கிலோமீற்றருக்கு மேல் என்றும் காட்டியது.

நம் வீட்டு வாசலிலுள்ள கடல்களும் இலேசாக எடுத்துக்கொள்ளக் கூடியவை அல்ல. அரபிக்கடலின் நடு ஆழத்தில் இயற்கையாகவே ஒட்சிசன் மிகக் குறைந்த பெரும் நீர்ப்படை ஒன்று உண்டு. வங்காள விரிகுடாவிலும் அப்படியே. வங்காள விரிகுடாவின் அந்தப் படையில் மிகச் சொற்பமான ஒட்சிசன் எஞ்சியிருக்கிறது என்றும், அதுவும் தீர்ந்துபோனால் கடலின் நைதரசன் சமநிலையே மாறத் தொடங்கும் என்றும் 2016இன் இறுதியில் வெளியான ஓர் ஆய்வு எச்சரித்தது. இரு கரைகளிலும் கோடிக்கணக்கான மக்கள் உரமிட்டு உழவு செய்து, கழிவை ஆற்றில் விட்டு வாழும் கடல் அது. விளிம்பில் நிற்பதை மேலும் தள்ளக் கூடாது.

மீண்ட ஏரிகள்

இவ்வளவையும் படித்துவிட்டு மனம் தளர வேண்டியதில்லை. தண்ணீரைப் போல மன்னிக்கும் குணமுள்ளது வேறு எதுவும் இல்லை. அதற்குச் சான்று அமெரிக்காவின் சியாட்டில் நகரத்து வாஷிங்டன் ஏரி. சுற்றியிருந்த ஊர்களின் கழிவுநீர் அதில் விழுந்துகொண்டிருந்தது. 1955இல் கெடுதலான ஒருவகை நீலப்பச்சை அல்கா அங்கே தலைகாட்டியதும், டபிள்யூ. டி. எட்மண்ட்சன் என்ற பல்கலைக்கழக விஞ்ஞானி ஆபத்தை எடுத்துச் சொன்னார். 1958இல் மக்கள் வாக்களித்து, கழிவைத் திசைதிருப்பும் பொது அமைப்பை உருவாக்கினார்கள். 1963க்கும் 1968க்கும் இடையில் கழிவு முழுவதும் ஏரியிலிருந்து விலக்கப்பட்டது. வெள்ளைத் தட்டு ஒன்றைக் கயிற்றில் கட்டி இறக்கி, அது கண்ணுக்கு மறையும் ஆழத்தைத் தெளிவின் அளவாகக் கொள்வது வழக்கம். ஏறத்தாழ ஒரு மீற்றரில் மறைந்துகொண்டிருந்த தட்டு, 1970களில் மூன்று மீற்றரைத் தாண்டியும் தெரிந்தது.

கருங்கடலின் வடமேற்குப் பகுதி இன்னொரு சான்று. 1980களில் அது உலகின் மாபெரும் இறந்த வலயங்களில் ஒன்று. சோவியத் ஒன்றியம் சிதறியபோது மானிய உரம் நின்றுபோனது. ஆறுகள் கொண்டுவந்த சத்து குறைந்தது. 1990களின் நடுப்பகுதியில் அந்த வலயமும் சுருங்கிப்போனது. யாரும் கடலுக்கு மருந்து போடவில்லை. தீனி நின்றது, அவ்வளவுதான்.

இதைக் கேட்டு உரத்தையே எதிரியாக்குவது தவறு. 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதியை ஒரேயடியாகத் தடைசெய்து, அதே ஆண்டு நவம்பரில் தடையை நீக்க வேண்டிவந்த அனுபவம் நமக்கு இருக்கிறது. இடையில் அடிபட்டவர் விவசாயி. நைதரசனும் பொசுபரசும் இல்லாமல் சோறு இல்லை. வயலில் அளவறிந்து இடுவதும், நகரத்தில் கழிவிலிருந்து பிரித்தெடுத்து மீண்டும் மண்ணுக்கே அனுப்புவதும்தான் வழி. ஏனென்றால் பொசுபரசுப் பாறை தோண்டத் தோண்டத் தீரக்கூடியது. அதை வாவியில் கொட்டி வாவியையும் கெடுப்பது இரட்டை நட்டம்.

பேர வாவிக்கும் வைத்தியம் பார்த்திருக்கிறார்கள். தென்மேற்கு வாவியைத் தனியாக எடுத்து, கழிவைத் தடுத்து மீட்கும் பணி முன்னரே நடந்தது. காற்றூட்டும் இயந்திரங்கள், மிதக்கும் தாவரத் தட்டுகள் என்று அவ்வப்போது வேறு முயற்சிகளும் வருகின்றன. காற்றூட்டி மீனின் உயிரை அந்த இரவுக்குக் காப்பாற்றும். தாவரத் தட்டு கொஞ்சம் சத்தை உறிஞ்சும், அதுவும் தாவரத்தை உரிய காலத்தில் வெட்டி அகற்றினால்தான். கான் வழியே நாள்தோறும் புதிய பொசுபரசு வந்துகொண்டிருக்கும்வரை இவை எல்லாம் ஓட்டைப் பாத்திரத்தில் நீர் நிரப்பும் வேலை.

ஆகவே வரிசை மாறக் கூடாது. முதலில் கான்களோடு கள்ளத்தனமாகவும் கதியற்றும் இணைந்துள்ள மலசலகூடக் குழாய்களைக் கண்டுபிடித்துக் கழிவுநீர்த் தொகுதியோடு இணைக்க வேண்டும். தோட்டங்களில் வாழும் குடும்பங்களுக்கு அந்த இணைப்பைப் பொதுச் செலவில் கொடுக்க வேண்டும். அவர்களைக் குற்றவாளியாக்கி அபராதம் போட்டால் குழாய் இன்னும் ஆழமாக ஒளிந்துகொள்ளும். வசதியுள்ள கட்டிடங்கள் தங்கள் செலவில் செய்யலாம், செய்ய வேண்டும். அடுத்தது சேறு. இவ்வளவு ஆழம் குறைந்த வாவியில் அடியில் சேர்ந்ததை அகற்றாமல் நீர் தெளியாது. கரையை அழகுபடுத்துவது அதற்குப் பிறகு வரலாம்.

உங்கள் வீடு வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ பம்பலப்பிட்டியிலோ இருந்தால், ஒரு காரியம் செய்யுங்கள். சமையலறைத் தொட்டியிலிருந்தும் குளியலறையிலிருந்தும் மலசலகூடத்திலிருந்தும் போகும் குழாய்கள் எங்கே முடிகின்றன என்று பாருங்கள். தொடர்மாடியில் வாழ்பவர்கள் முகாமைத்துவக் குழுக் கூட்டத்தில் இந்தக் கேள்வியை எழுப்புங்கள். குழாய் கானில் முடிந்தால், மாநகர சபைக்கு எழுதி முறையான இணைப்பைக் கேளுங்கள். தேர்தல் காலத்தில் வாவியைச் சுற்றி நடைபாதையும் விளக்கும் போடுவதாக வாக்குறுதி தருபவரிடம், வாவிக்குள் விழும் குழாய்களில் எத்தனையை அடைப்பீர்கள், எந்த ஆண்டுக்குள் அடைப்பீர்கள் என்று கேளுங்கள். வரி கட்டும் நகரவாசிக்கு அந்தக் கேள்வியைக் கேட்கும் உரிமை உண்டு. பதில் கிடைக்கும்வரை விடாமல் கேட்க வேண்டிய கடமையும் உண்டு.